ஊரடங்கும் ஊசியும்: தெருவில் இறங்கிக் கருத்துக் கேட்பது எப்படி?

கொரோனா போய் இத்தனை நாள் கழித்து எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். காய்ச்சல் கொஞ்சம் பரவினாலே போதும், "திரும்ப மூடிடுவாங்களா", "திரும்ப ஊசி போடச் சொல்லுவாங்களா" என்று கடலூர் மஞ்சக்குப்பத்து டீக்கடைகளில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே சத்தமாகப் பேசுகிற நாலு பேரின் கருத்து வாட்ஸ்அப்பில் ஏறி, சாயங்காலத்துக்குள் "கடலூர் மக்களின் கருத்து" ஆகிவிடுகிறது. மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், மகளிர் குழுவினர், வார்டு உறுப்பினர்கள், படிப்பகத்துப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். கடலூரிலும் புதுச்சேரி எல்லையிலும் நாங்கள் சிலர் சேர்ந்து இப்படிக் கேட்டுப் பார்த்ததில் பிடிபட்ட விஷயங்களைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. "வேண்டாம்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு ஊசி மீது எந்தக் கோபமும் இல்லை, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு நாள் கூலியோ, கிடைக்காத பஸ்ஸோ, யாரிடமும் கேட்க முடியாத ஒரு சந்தேகமோ இருக்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டால் அது வெளியே வரும். தப்பாகக் கேட்டால் "எதிர்ப்பு" என்று ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஊரடங்கைத் தளர்த்துவதை ஆதரிக்கிறீர்களா?" என்ற கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊரடங்கு என்பது ஒரே பூட்டு கிடையாது. டீக்கடை, மார்க்கெட், பஸ், கோயில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், டாஸ்மாக், மாவட்ட எல்லை எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி இருந்தது. 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 7ஆம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள், மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அப்புறம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்ததும் 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். கோயில் அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. அந்த வாரத்தில் ஒரு அம்மாவிடம் போய் "தளர்வு சரியா" என்று கேட்டிருந்தால் எதை நினைத்துப் பதில் சொல்லியிருப்பார்? பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், டாஸ்மாக்கை மூட வேண்டும், மார்க்கெட் காலையில் மட்டும் இருக்கட்டும் என்று ஒரே ஆள் மூன்று விதமாக நினைப்பது ரொம்ப சகஜம். அதனால் ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள்: "மறுபடி ஒரு நோய் வந்தா, பஸ் ஓடலாமா நிறுத்தணுமா?" "பள்ளிக்கூடம்?" "மார்க்கெட்?" இவ்வளவு போதும்.

தடுப்பூசியிலும் இப்படித்தான். போட்டுக்கொண்டாரா, எத்தனை தவணை, இன்னொரு தவணை வந்தால் போட்டுக்கொள்வாரா, பிள்ளைக்குப் போடுவாரா, கட்டாயமாக்கலாமா என்று இதிலேயே ஐந்து கேள்வி இருக்கிறது. கடைசிக் கேள்வியை மற்றவற்றோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு 1973ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட வைக்கக் கூடாது, ஆனால் பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு தவணையும் போட்டுக்கொண்டு, "ஆனா கட்டாயப்படுத்தினது தப்புங்க" என்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் இவர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வியின் வார்த்தைகளைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். "உயிரைக் காக்கும் தடுப்பூசியை ஏன் போட்டுக்கொள்ளவில்லை?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. "ஊசி போடுறதுக்கு எது தடையா இருந்துச்சு?" என்று கேளுங்கள், பதில் தானாக நீளும். "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" இரண்டுக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டம் வையுங்கள். எழுதி முடித்ததும் தெருவில் நாலு பேரிடம் சோதித்துப் பாருங்கள், எந்தக் கேள்விக்கு "என்ன கேக்குறீங்க, புரியல" என்கிறார்களோ அதைத் தூக்கிவிட்டு வேறு எழுதுங்கள்.

தேதி போடாத கருத்துக்கு மதிப்பில்லை

படிவத்தின் தலையில் தேதி இருக்கட்டும், அதற்குக் கீழே "எப்போது அப்படி நினைத்தீர்கள்" என்று இன்னொரு வரி இருக்கட்டும். ஒரே ஆள் மூன்று மாதத்தில் தலைகீழாக மாறியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2021 ஜனவரி 16ஆம் தேதி சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியது, மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களுக்கு, ஏப்ரல் 1 முதல் 45 கடந்தவர்களுக்கு. அந்த மாதங்களில் முகாம்களில் கூட்டமே இல்லை. ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி இறந்துபோனார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வுக் குழு பிறகு சொன்னது, ஆனால் அந்தச் செய்தி வரும்போது மாதங்கள் ஓடிவிட்டன. பயம் அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மே மாதம் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது, ஆக்சிஜன் படுக்கைக்காக ஜனங்கள் அலைந்தார்கள். ஜூனில் அதே ஜனங்கள் டோக்கனுக்காக விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள், ஊசிதான் இல்லை. 2021 ஏப்ரலில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதிலை ஜூனில் யாராவது எடுத்துக்காட்டிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

பழைய நினைவைக் கேட்கும்போது மாதத்தின் பெயரைச் சொல்லிப் பலனில்லை. மீனவக் குப்பங்களில் "மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். 2020இல் தடைக்காலத்தை மே 31ஆம் தேதியோடு முடித்து ஜூன் 1 முதல் கடலுக்குப் போகவிட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மற்ற இடங்களில் ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கொடுத்த சமயமா (2020), 2,000 ரூபாயாக இரண்டு முறை கொடுத்த சமயமா (2021) என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

யாரிடம், எந்த நேரத்தில்

காலை பதினோரு மணிக்குப் போனால் வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் கடலுக்குப் போனவர் கரைக்கு வந்து, மீன் ஏலம் முடிந்து, தூங்கி எழுந்த பிறகுதான் பேசுவார். மீன் விற்கும் பெண்களைத் திருப்பாதிரிப்புலியூரில் வியாபார நேரத்தில் பிடித்தால் இரண்டாவது கேள்வியிலேயே "தள்ளிப் போ தம்பி, வாங்க வர்றவங்கள மறைக்காதே" என்பார்கள், நியாயம்தான். சிப்காட்டில் ஷிப்ட் போகிறவர்கள், பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நெய்வேலியில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஊரடங்கு ஒரே மாதிரி இருக்கவில்லை. வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்துகொண்டிருந்தவர் "இன்னும் ஒரு மாசம் மூடலாம்" என்பார். தினக்கூலிக்காரர் மூன்றாம் நாளே திறக்கச் சொல்வார். இருவருமே தங்கள் வீட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே தொழிலைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், சாதியைக் குறிக்கத் தேவையில்லை.

வீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போங்கள். கதவு பூட்டியிருந்தால் சாயங்காலம் திரும்ப வாருங்கள், பக்கத்து வீட்டை வைத்து நிரப்பாதீர்கள். பகலில் பூட்டியிருக்கும் வீடுகள்தான் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள், அவற்றை விட்டால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும்.

எல்லைப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரி கிருமாம்பாக்கத்தில் வேலை, கன்னியக்கோயிலில் சம்பந்தி வீடு என்று வாழ்கிறவர்களுக்கு முள்ளோடைச் சோதனைச் சாவடிதான் ஊரடங்கின் முகம். அந்தப் பக்கம் ஒரு அரசு, இந்தப் பக்கம் ஒரு அரசு, தளர்வு அறிவிப்பும் தனித்தனி. இ-பாஸ் எடுக்கத் தெரியாமல் சாவுக்குக்கூடப் போக முடியாமல் நின்றவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று ஆனது 2020 செப்டம்பர் 1ஆம் தேதிதான். இவர்களிடம் "அரசின் நடவடிக்கை எப்படி இருந்தது" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த அரசு என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். வீடு எந்தப் பக்கம், வேலை எந்தப் பக்கம், ஊசி எந்தப் பக்கம் போட்டார் என்று மூன்றையும் எழுதுங்கள்.

வாசலில் நின்று பேசும்போது

கடலூர் ஜனங்கள் கணக்கெடுப்பைப் பார்த்துச் சலித்தவர்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று ஒவ்வொரு முறையும் யாராவது நோட்டோடு வந்து எழுதிக்கொண்டு போனார்கள். நோட்டைப் பார்த்ததும் "என்ன நிவாரணம் தர்றாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுங்கள்: "நிவாரணம் எதுவும் இல்லைங்கம்மா, நாங்க கவர்மெண்டு ஆளும் இல்ல, உங்க அபிப்பிராயத்தைக் கேக்க வந்திருக்கோம், பேர் எழுத மாட்டோம்." சொன்னபடியே பெயர், ஆதார் எண், போன் நம்பர் எதையும் எழுதாதீர்கள். ஊசி கட்டாயம் என்று சொன்ன காலத்தை நேரில் பார்த்தவர்கள், உண்மையைச் சொன்னால் நாளைக்கு நர்ஸம்மா வாசலில் நிற்பார் என்று நினைப்பதில் தப்பில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் எல்லோரும் "ரெண்டு ஊசியும் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள்.

மீனவக் கிராமங்களில் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும், அது மரியாதை. ஆனால் ஊர்த் தலைவரான நாட்டாரோ வார்டு உறுப்பினரோ உங்களோடு வாசல் வாசலாக வந்தால் ஒரு பதிலும் தேறாது, பக்குவமாகச் சொல்லி விடைபெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் இதே கவனம் தேவை. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் மருமகள் வாய் திறக்க மாட்டார். மாதவிலக்கு, கர்ப்பம், பால் கொடுப்பது பற்றிய சந்தேகங்களை ஒரு பெண்ணிடம்தான் சொல்வார்கள், குழுவில் இரண்டு அக்காக்களாவது இருந்தே ஆக வேண்டும். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்ததே 2021 ஜூலையில்தான். அதற்கு முன்பு "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பிறகும் அதே நினைப்பில் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இது ரொம்ப முக்கியம். சிங்காரத்தோப்பில் ஒரு அக்கா சொன்னார்: "ஊசி போட்டுக்கிட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா கூடைய யாரு தூக்குறது, வட்டிக்காரனுக்கு நீ பதில் சொல்லுவியா?" இதைப் படிவத்தில் "பக்கவிளைவு பயம்" என்று இரண்டு வார்த்தையாக எழுதினால் விஷயம் செத்துப்போகும். அவர் பயந்தது காய்ச்சலுக்கு இல்லை, கூலி போவதற்கு. அதற்கு மருத்துவ விளக்கம் கொடுத்து ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து முகாம் வைக்க வேண்டும், அல்லது அந்த இரண்டு நாளுக்கு ஏதாவது கைகொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் தடுப்பூசித் தயக்கத்தை நம்பிக்கையின்மை, அலட்சியம், வசதியின்மை என்று மூன்றாகத்தான் பிரித்தது. தெருவில் கேட்டால் மூன்றாவதுதான் அடிக்கடி வருகிறது, கூட்டங்களில் பேசுகிறவர்களோ முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள்.

யாரையும் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2021 டிசம்பரில் புதுச்சேரி வில்லியனூர் பக்கம் ஊசிக்குப் பயந்து ஒருவர் மரத்தில் ஏறிக்கொண்ட வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஏன் ஏறினார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஊர் சிரிக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்தவர் மரத்தில் ஏறவும் மாட்டார், உங்களிடம் உண்மை சொல்லவும் மாட்டார்.

தப்பான தகவல் காதில் விழுந்தால்

கேள்விகள் எல்லாம் முடிகிற வரை திருத்தாதீர்கள். நடுவில் திருத்தினால் மிச்சக் கேள்விகளுக்கு உங்களுக்குப் பிடித்த பதிலாகத்தான் வரும். முடிந்ததும் "உங்களுக்கு நேரமிருந்தா ஒரு விஷயம் சொல்லட்டுமா" என்று அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது அதிகம் வருவது இரண்டு. ஒன்று, "ஊசி போட்டதாலதான் சின்ன வயசுல மாரடைப்பு வருது." இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 18 முதல் 45 வயது வரை திடீரென இறந்தவர்களைப் பற்றி நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் வழியாக ஆய்வு செய்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்றும், கொரோனாவால் முன்பு மருத்துவமனையில் சேர்ந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முன் மிதமிஞ்சிக் குடித்தது, கடும் உடற்பயிற்சி செய்தது போன்றவைதான் கூட்டின என்றும் அது கண்டது. இன்னொன்று, "கோவிஷீல்டு கம்பெனியே கோர்ட்டில் ஒத்துக்கிச்சே." 2024இல் வந்த செய்தி அது. பிரிட்டன் நீதிமன்றத்தில், கோவிஷீல்டை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனம் சொன்னது, மிக அரிதாக ரத்தம் உறைதலோடு தட்டணுக்கள் குறையும் பிரச்சினை வரலாம் என்பது. உண்மைதான், மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு, அது 2021லேயே தெரிந்த விஷயம், வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, வருடக்கணக்கில் கழித்து வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி உண்மையை மறைத்துவிட்டுப் பேசினால், மறுநாள் அவர் பேரன் போனில் காட்டும்போது நீங்கள் சொன்ன மீதி உண்மையும் போய்விடும்.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை பற்றித் தனிப்பட்ட சந்தேகம் கேட்டால் நீங்கள் டாக்டராகிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ கைகாட்டுங்கள். ஊசியே கூடாது என்று கோபமாகப் பேசுகிறவரிடம் வாதம் செய்யாமல் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், அவருடைய பதிலும் ஒரு பதில்தான்.

இந்தத் தயக்கம் கொரோனாவோடு பிறந்ததும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது இதே வாட்ஸ்அப் வதந்திதான் ஓடியது, பல பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்தப் பெற்றோர்தான் நான்கு வருடம் கழித்து கொரோனா ஊசிக்கு வரிசையில் நின்றார்கள், அல்லது நிற்கவில்லை. "அப்போ பிள்ளைக்கு அந்த ஊசி போட்டீங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் பேச்சு நன்றாகத் திறக்கிறது.

எண்ணுவதும் சொல்வதும்

100 பேரைக் கேட்டீர்கள், 60 பேர் "பள்ளியை மூடக் கூடாது" என்றார்கள் என்று வையுங்கள். குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தேர்ந்திருந்தால்கூட அந்த 60 என்பது 50க்கும் 70க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 400 பேரைக் கேட்டால்தான் இந்த இடைவெளி இரண்டு பக்கமும் ஐந்தைந்தாகக் குறையும். ஆகவே முப்பது வீட்டில் கேட்டுவிட்டு சதவீதம் போடாதீர்கள், "முப்பதில் பதினெட்டு வீடு" என்று அப்படியே எழுதுங்கள். "கடலூர் மக்கள்" என்று எழுதாமல், எந்தத் தெரு, எந்த மாதம் என்று எழுதுங்கள். தொழில்வாரியாகப் பிரித்துப் பார்ப்பது மொத்தக் கணக்கைவிட அதிகம் சொல்லும்.

கேட்டதை வைத்து யாராவது எதையாவது மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. ஞாயிறு கறி சாப்பிடுகிற நாள், குடிக்கிறவர்கள் குடிக்கிற நாள், அன்றைக்கு ஊசி போடக் கூடாது என்று ஒரு நினைப்பு மக்களிடம் இருந்தது. அது மருத்துவ ரீதியாகச் சரியா தப்பா என்று மல்லுக்கட்டாமல், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், அமைச்சர் மா. சுப்பிரமணியன் இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

நீங்கள் கேட்டு எழுதியதையும் இப்படி ஒரு மாற்றத்துக்கு உதவுகிற மாதிரிச் சுருக்குங்கள்: ஒரு பக்கம், அதில் மூன்று தடைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே தெருவில் கேட்ட ஒரு வாக்கியம், செய்யக்கூடிய ஒரு மாற்றம். அதைச் சுகாதார ஆய்வாளரிடமோ, வார்டு கவுன்சிலரிடமோ, புதுச்சேரிப் பக்கமென்றால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகலைத் தெருமுனையில் ஒட்டுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று பதில் சொன்ன அக்காவும் அண்ணனும் படித்துப் பார்க்கட்டும், தப்பாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்லட்டும். அடியில் உங்கள் குழுவின் போன் நம்பரைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.